82 குறுங்கதைகள், இரண்டு சுற்று வாசகர்கள்: ஒரு தொகுப்பு அச்சேறிய கதை

பின்னணி

சிறிய பதிப்பகம் ஒன்றில் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துச் செம்மைப்படுத்துவது என் வேலை. இங்கே நான் எழுதப்போவது ஒரே ஒரு நூலைப் பற்றி. எழுத்தாளர், வாசகர்கள் ஆகியோரின் பெயர்களைத் தரவில்லை. குறுங்கதைகளைத் தொகுத்து வெளியிட நினைப்பவர்களுக்கும், அச்சுக்கு முன் நாலு பேரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பவர்களுக்கும் உதவும் என்று நம்பி, நடந்ததை நடந்த வரிசையிலேயே பதிவு செய்கிறேன்.

எங்களிடம் வந்த பிரதியில் 82 கதைகள் இருந்தன. மிகச் சிறியதில் 11 சொற்கள். மிகப் பெரியதில் ஏறக்குறைய 160. எழுத்தாளரின் இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் ஏற்கெனவே வெளிவந்து நல்ல கவனம் பெற்றிருந்தன. நாவல் ஒன்றை எழுதத் தொடங்கி, அது நகராமல் நின்றுபோன காலத்தில், இரவு படுக்கும் முன் ஒரு கதை என்ற கணக்கில் இவற்றை எழுதியதாகச் சொன்னார். வாரக்கணக்கில் எழுதாமல் விட்டதும் உண்டாம். இந்தத் தகவலை நான் அப்போது காதில் வாங்கிக்கொண்டதோடு சரி. இரண்டு மாதம் கழித்து எங்களுக்கு வழி காட்டியது இதுதான்.

முதலில் அளவைப் பற்றி ஒரு பேச்சு வந்தது. கதைகள் எல்லாம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டுமா? 1987இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஸ்டீவ் மாஸ் 55 சொல் கதைப் போட்டியைத் தொடங்கிய பிறகு அந்த எண்ணிக்கை பல மொழிகளுக்கும் பரவியது. ஆனால் தமிழில் சொல்லை எண்ணி அளவிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்தும்’ என்பது நமக்கு ஒரே சொல். இதையே சில மொழிகளில் ஐந்தாறு சொற்களாகப் பிரித்துத்தான் எழுத முடியும். எனவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, ‘புரட்டாமல் ஒரே பக்கத்தில் முடிய வேண்டும்’ என்று மட்டும் வைத்துக்கொண்டோம். பக்கத்தைப் பற்றி அன்று நாங்கள் யோசித்தது அவ்வளவுதான். இன்னும் கூடுதலாக யோசித்திருக்க வேண்டும்.

முதல் சுற்று

எட்டுப் பேரிடம் பிரதியைக் கொடுத்தோம். இருவர் எழுதுகிறவர்கள், ஒருவர் பள்ளி ஆசிரியை, மற்ற ஐவரும் தொடர்ந்து கதை படிக்கிறவர்கள். 82 கதைகளையும் வரிசையாகத் தட்டச்சு செய்து, ஒரு கதைக்கும் அடுத்த கதைக்கும் நடுவில் மூன்று நட்சத்திரக் குறிகள் மட்டும் இட்டுக் கட்டாக அனுப்பினேன். காகிதம் மிச்சம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை. பத்து நாள் அவகாசம் தந்தேன்.

எட்டில் ஆறு பேர் ஒரே அமர்வில் படித்து முடித்திருந்தார்கள். சிறிய கதைகள்தானே, உட்கார்ந்தால் ஒரு மூச்சில் முடிந்துவிடும் என்று யாருக்கும் தோன்றும். அவர்கள் சொன்னவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை இவை: “பல கதைகள் புரியவில்லை.” “நன்றாக இருக்கிறது, ஆனால் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.” “சட்டென்று முடிந்துவிடுகிறது.” “படிக்கும்போது பிடித்தது, இப்போது எதுவும் நினைவில் இல்லை.” ஒருவர் மட்டும், “இவை கதைகள் அல்ல, கதைக்கான குறிப்புகள். எழுத்தாளர் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எழுத வேண்டும்” என்று ஒன்றரைப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். அக்கறையோடு எழுதப்பட்ட கடிதம் என்பதால் எழுத்தாளரை அதிகம் காயப்படுத்தியதும் அதுதான்.

பிடித்த கதைகள் எவை என்று கேட்டபோது, எல்லோருடைய பட்டியலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை கடைசி வரியில் திருப்பம் உள்ளவை. பேசிக்கொண்டிருப்பது ஒரு நாய் என்று முடிவில் தெரியவரும் கதை, பயணம் போகிறவர் இறந்துபோனவர் என்று தெரியவரும் கதை, இந்த வகை. எழுத்தாளர் மனத்துக்கு நெருக்கமானவை என்று என்னிடம் குறித்துக் கொடுத்திருந்த பன்னிரண்டில் இரண்டு மட்டுமே யாருடைய பட்டியலிலாவது இடம்பெற்றிருந்தன.

ஆசிரியை திருப்பிக் கொடுத்த கட்டை மேசையில் வைத்துப் புரட்டியபோதுதான் எனக்கு முதல் ஐயம் வந்தது. முதல் எட்டுப் பக்கங்களில் பென்சில் குறிப்புகள் நெருக்கமாக இருந்தன. ஓரத்தில் கேள்விகள், அடிக்கோடுகள், ஓரிடத்தில் ‘ஐயோ’ என்று ஒரு சொல். பன்னிரண்டாம் பக்கத்துக்கு மேல் குறிப்புகள் குறைந்து சரிக்குறிகள் மட்டும். இருபதாம் பக்கத்துக்குப் பிறகு சரிக்குறியும் இல்லை. அவர் சோம்பலானவர் அல்ல; விடைத்தாளைக்கூட இரண்டு முறை திருத்துகிறவர். கதைகள் பின்பகுதியில் மோசமாகிவிடவும் இல்லை, ஏனென்றால் அவை எழுதிய வரிசையில் அடுக்கப்படவே இல்லை. அப்படியானால் களைத்துப்போனது வாசகர்தான்.

ஒரு சிறுகதைக்குள் நுழையும்போது, யார், எங்கே, என்ன உறவு என்று பிடிபட நமக்குச் சில பத்திகள் ஆகின்றன. அந்த உழைப்பைப் போட்டுவிட்டால் அடுத்த பத்துப் பக்கங்களுக்குக் கவலையில்லை. குறுங்கதையில் அந்த உழைப்பை நான்கு வரியில் போட வேண்டும். கதை முடிந்ததும் அது கலைந்துவிடும். அடுத்த கதைக்கு மறுபடியும் முதலிலிருந்து. 82 கதைகளை ஒரே அமர்வில் படிப்பது 82 முறை புது வீட்டுக்குள் நுழைந்து வெளியேறுவதற்குச் சமம். பக்க அளவில் சிறியது என்பதாலேயே இதை எளிய வாசிப்பு என்று நினைத்துவிட்டோம்.

‘புரியவில்லை’

எட்டுப் பேரிடமும் தனித்தனியாகத் தொலைபேசியில் பேசினேன். ஏன் புரியவில்லை என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் மனிதர்கள் தங்களைத் தற்காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். புரியவில்லை என்று குறித்த கதையை எடுத்து, “இதில் நடப்பதை உங்கள் சொற்களில் சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டேன்.

பெரும்பாலான முறை அவர்கள் கதையைச் சரியாகச் சொன்னார்கள். சொல்லி முடித்துவிட்டு, “இவ்வளவுதானே? வேறு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார்கள். அதாவது அவர்களுக்கு நிகழ்ச்சி புரிந்திருந்தது. இவ்வளவு சிறிய கதைக்குள் ஏதோ ஒரு விடை ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது, அது தங்களுக்கு அகப்படவில்லை என்ற சந்தேகம்தான் ‘புரியவில்லை’ என்ற சொல்லாக வெளிவந்திருந்தது. திருப்பக் கதைகள் இந்தச் சந்தேகத்தை வளர்த்துவிட்டிருந்தன. ஆறாவது கதையிலும் ஒன்பதாவது கதையிலும் கடைசி வரியில் ஒரு கதவு திறந்தால், பத்தாவது கதையிலும் வாசகர் கதவைத்தான் தேடுவார். அது அமைதியாக முடிகிற கதையாக இருந்தால், தனக்குப் புரியவில்லை என்றே முடிவு செய்வார்.

உண்மையிலேயே நிகழ்ச்சி பிடிபடாத கதைகளும் இருந்தன; ஐந்து அல்லது ஆறு. அவற்றில் ‘அவள்’ என்று வருவது தாயா மகளா என்று எனக்கே முதல் வாசிப்பில் தெரியவில்லை. அவற்றை எழுத்தாளர் எதிர்ப்பேச்சின்றித் திருத்தினார்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒரு வாசகர் ஒரு கதையைச் சொல்லத் தொடங்கி, பாதியில் அதற்கு முந்தைய கதையின் கிழவரை இதற்குள் கொண்டுவந்துவிட்டார். மூன்று நட்சத்திரக் குறிகளால் அந்தக் கிழவரைத் தடுக்க முடியவில்லை.

நான் செய்த தவறு

இனி வருவதைச் சொல்ல ஒரு கதையை முழுமையாகத் தர வேண்டும். எழுத்தாளரின் அனுமதியோடு தருகிறேன். பிரதியில் அதன் தலைப்பு ‘இல்லாதவனின் சட்டை’.

“ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் அவள் தையற்கடைக்கு வருவாள். பையனை அழைத்து வரமாட்டாள். அளவை வாயால் சொல்வாள். தையற்காரர் நோட்டில் எழுதிக்கொள்வார். ஆண்டுக்கு அரை அங்குலம் கூடும். இந்த ஆண்டு தோள், கை, உயரம் மூன்றையும் சொல்லிவிட்டு நிறுத்தினாள். ‘கழுத்து?’ என்றார் அவர். வெகுநேரம் யோசித்தாள். ‘தெரியவில்லை’ என்றாள். அவர் எழுந்து உள்ளே போய், தன் மகனின் சட்டை ஒன்றை எடுத்துவந்து, அதன் கழுத்துப்பட்டையில் நாடாவை வைத்தார்.”

எட்டுப் பேரில் ஐந்து பேர் இந்தக் கதையைப் புரியாதவற்றில் சேர்த்திருந்தார்கள். பையன் வெளியூரில் இருக்கிறானா, காணாமல் போய்விட்டானா, இறந்துவிட்டானா என்று கேட்டார்கள். மற்ற மூவரில் இருவர் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அவர்கள் இந்தக் கதையைப் பற்றித் தங்களுக்குள் வாதாடியிருந்தார்கள். தையற்காரருக்கு எப்போதிலிருந்து உண்மை தெரியும் என்பது அவர்களது வாதம். முதல் ஆண்டிலிருந்தே தெரியும், தெரிந்தேதான் எழுதிக்கொண்டிருந்தார் என்றார் ஒருவர். அந்த ‘தெரியவில்லை’ என்ற சொல்லில்தான் தெரிந்துகொண்டார் என்றார் மற்றவர்.

நான் ஐந்து பேர் சொன்னதை எடுத்துக்கொண்டேன், இருவருடைய வாதத்தைக் குறித்துவைக்கக்கூட இல்லை. பையனுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று எழுத்தாளரிடம் கேட்டேன். அவருக்கு விருப்பமில்லை. இருந்தும் முதல் சுற்றின் கருத்துகளால் தளர்ந்திருந்த நேரம் அது; மறுக்க அவருக்குத் தெம்பில்லை. அது எனக்குத் தெரிந்தும் கேட்டேன். முதல் வரிக்குப் பிறகு, ‘பையன் காணாமல் போய் ஏழு ஆண்டுகள் ஆகின்றன’ என்று சேர்த்து அனுப்பினார்.

இரண்டாம் சுற்று

இரண்டாம் சுற்றுக்குப் பன்னிரண்டு பேர். அவர்களில் நால்வர் பழையவர்கள். எழுத்தாளர் இரவுக்கு ஒன்றாக எழுதியது இப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. எழுதியவர் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஓர் இரவையாவது விட்டிருக்கிறார். வாசகருக்கு நாம் ஓர் அங்குல வெற்றிடம்கூட விடவில்லை.

உலகின் புகழ்பெற்ற குறுங்கதைகள் வாசகரைச் சென்றடைந்த விதத்தையும் திரும்பிப் பார்த்தேன். 1906இல் ஃபெலிக்ஸ் ஃபெனெயோன் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் மூன்று வரிச் செய்திகளாக ஆயிரத்துக்கும் மேல் எழுதினார். அவற்றை அன்றைய வாசகர் காலையில் செய்தித்தாளில் சிலவாகப் பார்த்தார், நூலாகத் தொகுக்கப்பட்டது பின்னாளில். 1968இல் நோபல் பரிசு பெற்ற யசுனாரி கவாபத்தா தமது ‘உள்ளங்கைக் கதைகள்’ நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் பல பத்தாண்டுகளில் இடைவிட்டு எழுதினார். அகுஸ்தோ மோந்தெரோசோவின் புகழ்பெற்ற டைனோசர் கதை ஸ்பானிய மொழியில் ஏழே சொற்கள். 1959இல் வந்த தொகுப்பில் அது நீண்ட கதைகளுக்கு நடுவில் இருந்தது. ஏழு சொற்களில் நின்று யோசிக்க வேண்டும் என்று வாசகருக்குத் தோன்றுவதற்கு அந்த அண்டை அயலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எனவே பன்னிரண்டு பேரை இரண்டாகப் பிரித்தேன். ஆறு பேருக்கு முழுப் பிரதியை ஒன்றாகவே தந்தேன், ஆனால் பக்கத்துக்கு ஒரு கதை. மற்ற ஆறு பேருக்கு ஒவ்வொரு கதையும் தனித் தாளில், நாளுக்கு மூன்று தாள்கள் என்று உறையிலிட்டு, உறையின் மேல் நாள் எண்ணை எழுதி மொத்தமாகக் கொடுத்தேன். 27 நாட்களுக்கு மும்மூன்று, 28ஆம் நாளுக்கு ஒன்று. பழையவர்கள் நால்வரில் இருவர் இங்கே, இருவர் அங்கே. இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். சிறிய எண்ணிக்கை, எல்லோரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள்.

உறைக்காரர்களில் இருவர் பாதியில் நின்றுவிட்டார்கள். தினமும் கடமை போல ஆகிவிட்டது என்றார் ஒருவர். உறைகளை மொத்தமாகப் பிரித்து ஒரே நாளில் படித்துவிட்டேன் என்று தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார் மற்றவர். மீதி நால்வரின் குறிப்புகள் முதல் சுற்றுக் குறிப்புகளிலிருந்து முற்றிலும் வேறாக இருந்தன. ‘புரியவில்லை’ என்ற சொல் மிக அரிதாகவே வந்தது. எழுத்தாளர் மனத்துக்கு நெருக்கமான பன்னிரண்டில் ஒன்பது, நால்வரில் ஒருவருடைய பட்டியலிலாவது இருந்தன. திருப்பக் கதைகளுக்கு முதல் வாரத்தில் பாராட்டு, மூன்றாவது வாரத்தில் சலிப்பு. ஒருவர், “இப்போதெல்லாம் இரண்டாவது வரியிலேயே ‘இவரும் இறந்துபோனவர்தான்’ என்று கண்டுபிடித்துவிடுகிறேன்” என்று எழுதியிருந்தார். பக்கத்துக்கு ஒன்று என்று படித்தவர்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்தார்கள்.

தையற்காரர் கதைக்கு வருகிறேன். புதிய வரியோடு படித்த பன்னிரண்டு பேரில் யாரும் அது புரியவில்லை என்று சொல்லவில்லை. “சோகமான கதை.” “மனத்தைத் தொட்டது.” “தாய்ப்பாசம்.” எனக்கு முதலில் நிம்மதி. பிறகு, முன்பு வாதாடிய இருவரில் ஒருவர் இந்தச் சுற்றிலும் இருந்ததால் அவரிடம் தையற்காரரைப் பற்றிக் கேட்டேன். சற்று யோசித்து, “ஆமாம், போன முறை அவரைப் பற்றித்தானே பேசினோம்? இந்த முறை அவரைக் கவனிக்கவில்லை” என்றார்.

ஏழு ஆண்டு என்று தெரிந்ததும் வாசகர் தாயிடம் போய் நின்றுவிடுகிறார். தெரியாத வரையில் வாசகர் தையற்காரரோடு சேர்ந்து கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறார், அளவை எழுதிக்கொள்கிறார், ஏன் இவள் பையனை அழைத்துவருவதில்லை என்று யோசிக்கிறார். கடைசியில் தையற்காரர் எழுந்து உள்ளே போகும்போது வாசகரும் எழுகிறார். அந்தக் கதை ஒரு தாயின் துயரத்தைப் பற்றியது மட்டுமல்ல, அந்தத் துயரத்தின் எதிரே உட்கார்ந்திருக்கும் இன்னொரு தந்தையைப் பற்றியது. நான் சேர்க்கச் சொன்ன வரி அந்தத் தந்தையை அழித்துவிட்டது. எழுத்தாளரிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். வரியை எடுத்தோம்.

முதல் சுற்றில் ஐவரைத் தடுக்கிவிட்டது அந்த வரி இல்லாதது அல்ல, தலைப்புதான் என்பது பிறகு தெரிந்தது. ‘இல்லாதவனின் சட்டை’ என்றால் வாசகர் முதலிலிருந்தே இல்லாதவனைத் தேடுகிறார். நம் குறுந்தொகையில் பாட்டு நான்கு முதல் எட்டு அடிதான். ஆனால் யார் யாரிடம் எந்த நிலையில் சொன்னது என்று பிற்காலத்தார் சேர்த்த கூற்றுக் குறிப்பு ஒன்று உடன் வருகிறது. அந்தக் குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தால் சில பாடல்கள் வேறு பாடல்களாகிவிடும். சிறிய வடிவத்தில் தலைப்பு என்பது அலங்காரம் அல்ல, வாசகர் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்லும் வரி. ‘அரை அங்குலம்’ என்று மாற்றினோம். இதைப்போல மேலும் எட்டுத் தலைப்புகள் மாறின.

எவற்றை நீக்கினோம்

82 கதைகள் 64 ஆயின. நீக்கியதில் பெரும்பகுதி திருப்பக் கதைகள். அளவுகோல் ஒன்றே ஒன்று: முடிவு தெரிந்தபின் படித்தால் ஏதாவது மிஞ்சுகிறதா? மிஞ்சியவற்றை வைத்துக்கொண்டோம். நாய் பேசும் கதை நின்றது, ஏனென்றால் பேசுவது நாய் என்று தெரிந்தபின் படிக்கும்போதுதான் வீட்டுக்காரரின் தனிமை தெரிகிறது. முதல் சுற்றில் எல்லோரும் விரும்பிய மூன்று கதைகள் போய்விட்டன. வாசகர் கருத்தைக் கேட்டுவிட்டு அதற்கு நேரெதிராகச் செய்வது எளிதல்ல. பதிப்பகத்தின் உரிமையாளரிடம் இதை விளக்க இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன.

14 சொற்களில் ஒரு கதை, இரண்டு சுற்றிலும் ஒருவருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும்தான். “அது இருக்கட்டும்” என்றார் எழுத்தாளர். இருக்கிறது. நூல் வந்த பிறகும் யாரும் அதைப் பற்றி எழுதவில்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை.

நூலின் முன்பக்கத்தில் ‘நாளுக்கு மூன்று கதைகள் படியுங்கள்’ என்று ஒரு குறிப்புப் போடலாம் என்று நான் சொன்னபோது மட்டும் அவர் உறுதியாக மறுத்தார். “காசு கொடுத்து வாங்கியவருக்கு எப்படிப் படிப்பது என்று சொல்ல நான் யார்?” என்றார். அவர் சொன்னது சரி. வாசகரை மெதுவாக நடக்கவைக்க வேண்டுமானால் அதை நூலின் அமைப்பு செய்ய வேண்டும்.

பக்கக் கணக்கு

நான் கேட்டது, எல்லாக் கதைகளும் வலப்பக்கத்தில் மட்டும், இடப்பக்கம் வெறுமையாக. 64 கதைகளுக்கு 128 பக்கம். முன்பகுதி 8 பக்கம் சேர்த்தால் 136. ஃபாரம் என்பது ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சடிக்கும் பக்கங்கள்; அதற்கு 16 பக்கம் என்றால் எட்டரை ஃபாரம். பாதி வெறுந்தாளாக இருக்கும் நூலுக்கு இந்தச் செலவு கட்டாது என்றார் உரிமையாளர். எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டால் 72 பக்கத்தில், நாலரை ஃபாரத்தில் முடிந்துவிடும்.

பேசி ஒரு சமரசத்துக்கு வந்தோம். முதல் 24 கதைகள் வலப்பக்கத்தில் மட்டும். அதற்குள் வாசகருக்கு ஒரு நடை பழகிவிடும். மீதி 40 கதைகள் இரு பக்கங்களிலும். மொத்தம் 96 பக்கம், ஆறு ஃபாரம். நல்ல தீர்வு என்று எல்லோருக்குமே தோன்றியது.

கதைகளின் வரிசையை எழுத்தாளரும் நானும் ஒரு பட்டியலாக, மேலிருந்து கீழாக எழுதி முடிவு செய்தோம். கனமான ஒன்றுக்குப் பின் இலகுவான ஒன்று, நீண்டதற்குப் பின் குறுகியது என்று. இதில் இருந்த பிழை அப்போது எங்கள் கண்ணில் படவில்லை.

வெளிவந்த பிறகு

முதல் ஆறு மாதங்களில் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட கடிதங்களும் மின்னஞ்சல்களும் வந்தன. ‘புரியவில்லை’ என்று ஒரு சிலரே எழுதினார்கள். பலர் படுக்கையருகே வைத்து இரண்டு மூன்றாகப் படிப்பதாக எழுதியிருந்தார்கள், யாரும் சொல்லாமலேயே. மதிப்புரை ஒன்று, ‘துணுக்குகளுக்கு இலக்கிய முலாம்’ என்றது. நூலை ஒரே மாலையில் படித்து முடித்ததாக அதன் முதல் பத்தியிலேயே மதிப்புரையாளர் குறிப்பிட்டிருந்தார். நாங்கள் பதில் எழுதவில்லை.

கடிதங்களில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட கதைகளைக் குறித்துக்கொண்டே வந்தபோது, முதல் 24 கதைகள் மிக அதிகமாக வருவது தெரிந்தது. வெற்றுப் பக்கம் செய்த நன்மையாக இருக்கலாம். எந்த நூலிலும் முன்பகுதியே அதிகம் படிக்கப்படுவதாலும் இருக்கலாம். இதை மட்டும் வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் பின்பகுதியைப் பற்றி வந்த கடிதங்களில் வேறொன்று தெளிவாக இருந்தது. வாசகர்கள் எதிரெதிர்ப் பக்கத்துக் கதைகளை இணையாகப் படித்திருந்தார்கள். கடிதம் எழுதிக் கிழித்துப்போடும் பெண்ணின் கதைக்கு எதிரே, தற்செயலாக, முகவரி மறந்துபோன தபால்காரரின் கதை அமைந்திருந்தது. இரண்டும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்று நாலைந்து பேர் வியந்து எழுதினார்கள். எழுத்தாளர் அவற்றை மூன்று ஆண்டு இடைவெளியில் எழுதியவர்.

தற்செயல் எல்லா இடத்திலும் உதவவில்லை. ‘அரை அங்குலம்’ 38ஆவது கதை. 70ஆம் பக்கத்தில், அதாவது இடப்பக்கத்தில் விழுந்திருந்தது. கனமானதற்குப் பின் இலகுவானது என்ற எங்கள் விதிப்படி, எதிரே 71ஆம் பக்கத்தில் நகைச்சுவைக் கதை ஒன்று, அதுவும் உரையாடல் மிகுந்தது. பட்டியலில் அவை ஒன்றன்பின் ஒன்று. விரித்த நூலில் அவை ஒரே நேரத்தில் கண்ணில் படுகின்றன. ஒரு வாசகி எழுதியிருந்தார்: “அந்தத் தையற்காரர் உள்ளே போவதற்குள் எதிர்ப்பக்கத்து ஆச்சரியக்குறிகள் என்னை இழுத்துக்கொண்டன. திரும்பி வந்து படித்தேன், ஆனால் முதல் முறை போய்விட்டது.” இந்தக் கடிதத்தை எழுத்தாளருக்கு அனுப்பச் சில நாட்கள் தயங்கினேன். அந்தக் கதைக்கு நான் செய்த இரண்டாவது கெடுதல் இது.

மாற்றிச் செய்வன

முதல் வாசகர்களுக்கு இனி எந்தக் குறுங்கதைப் பிரதியையும் கட்டாக அனுப்புவதில்லை. உறைகளும் வேண்டாம், கடமையாகிவிடுகிறது. தனித் தாள்களை ஒரு பெட்டியில் இட்டுக் கொடுக்கிறேன். எத்தனை வேண்டுமோ அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். பிடித்ததா என்று கேட்கும் படிவத்தையும் விட்டுவிட்டேன். இரண்டே கேள்விகள்: எந்தக் கதையை இன்னொருவரிடம் சொன்னீர்கள்? சொல்லும்போது எதை விட்டுவிட்டீர்கள்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான், வெட்ட வேண்டிய வரியும் வெட்டக் கூடாத வரியும் தெரிகின்றன. ஐந்து பேர் சொல்வதோடு, இருவர் வாதாடுவதையும் எழுதிவைக்கிறேன்.

வரிசையைப் பட்டியலில் அல்ல, விரித்த பக்கங்களில் முடிவு செய்கிறோம். மறுபதிப்புக்கான வேலை தொடங்கிவிட்டது. பக்க எண்ணிக்கை 96ஐத் தாண்டக் கூடாது என்பதால், முன்பகுதியில் பதிப்பகத்தின் மற்ற நூல்களின் பட்டியலுக்கு ஒதுக்கியிருந்த இரண்டு பக்கங்களை உரிமையாளரிடம் கேட்டு வாங்கினேன். இதனால் ‘அரை அங்குலம்’ 69ஆம் பக்கத்துக்கு, வலப்பக்கமாக, வந்துவிடும். 68ஆம் பக்கம் வெறுமையாக இருக்கும். அதற்குப் பின்வரும் 26 கதைகளும் புதிதாக இணை சேர வேண்டும். சென்ற வாரம் எழுத்தாளர் அலுவலகத்துக்கு வந்து, 26 தாள்களையும் தரையில் இரண்டிரண்டாகப் பரப்பி, நாள் முழுக்க இடம் மாற்றிக்கொண்டிருந்தார். பதின்மூன்று இணைகளில் ஒன்பது முடிவாகிவிட்டன. மீதி எட்டுத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்.